ஃபோமா, மைக்ரோஃபைபரா, கம்பளியா? வீட்டிலேயே கார் பாலிஷ் செய்பவர்களுக்குப் பேட் தேர்வும் பராமரிப்பும்

பாலிஷ் மிஷினின் முகத்தில் ஒட்டித் தேய்க்கிற வட்டப் பேட் எது வாங்கலாம் என்று யார் கேட்டாலும் பதிலுக்கு நான் கேட்பது ஒன்றுதான்: கையில் என்ன மிஷின் இருக்கிறது? அது தெரியாமல் பேட் சொல்வது, ஆளைப் பார்க்காமல் சட்டை தைக்கிற கதை.

பட்டறையில் பெயிண்டர்கள் வைத்திருக்கும் பஃபிங் மிஷின் பெரும்பாலும் ரோட்டரி. ஒரே அச்சில், நீங்கள் அழுத்தினாலும் அழுத்தாவிட்டாலும், சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரே இடத்தில் கொஞ்சம் கூடுதலாக நின்றுவிட்டால் சூடு ஏறி பெயிண்ட் எரியும், கதவின் மடிப்பு ஓரத்தில் பட்டால் மேல்பூச்சு அறுந்து அடியில் இருக்கும் பிரைமர் எட்டிப் பார்க்கும். தினமும் பிடிக்கிற கைக்கு அது அருமையான கருவி, வருஷத்துக்கு ஒருமுறை எடுக்கிற கைக்கு அல்ல. இன்னொன்று டூயல் ஆக்‌ஷன், சுருக்கமாக டிஏ. இது சுற்றிக்கொண்டே சின்ன வட்டமாக ஆடவும் செய்யும். அந்த ஆட்டம் 8, 15, 21 மில்லிமீட்டர் என்று மிஷினுக்கு மிஷின் மாறும். சாதாரண டிஏவில் அளவுக்கு மீறி அழுத்தினால் சுற்றுவது நின்றுபோய் ஆட்டம் மட்டும் மிஞ்சும். வேலை நடக்காது, ஆனால் பெயிண்ட் பிழைத்துக்கொள்ளும். வீட்டில் செய்கிறவர்களுக்கு நான் டிஏ தவிர எதையும் சொல்வதில்லை, இங்கே சொல்வதெல்லாம் அதை வைத்துத்தான். அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் பிளக் பாயிண்ட் தாங்குமா என்று யோசிக்க வேண்டாம். 600 முதல் 900 வாட் மிஷினுக்குச் சாதாரண 6 ஆம்பியர் பிளக்கே போதும், நல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று இருந்தால் சரி.

டிரில்லிங் மிஷினில் மாட்டச் சொல்லி ஸ்பாஞ்ச், கம்பளி, தண்டு எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டு ஆன்லைனில் விற்கிறார்கள். டிரில் என்பதும் ரோட்டரிதான், அதிலும் ஒழுங்காகப் பிடிக்க இடமில்லாத ரோட்டரி. மஞ்சள் பூத்த ஹெட்லைட்டைத் தேய்க்க வைத்துக்கொள்ளுங்கள், பானட் பக்கம் கொண்டுபோகாதீர்கள். வீட்டில் சும்மா கிடக்கும் 4 இஞ்ச் ஆங்கிள் கிரைண்டரில் பேடை மாட்டலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். அது நிமிஷத்துக்கு 11,000 சுற்று வரை போகிற சாமான், பாலிஷுக்கு 2,000 சுற்றே அதிகம். அந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

இவ்வளவு பயம் எதற்கு என்றால், நாம் தேய்க்கப்போகும் கிளியர் கோட் என்ற மேல்பூச்சு கம்பெனிப் பெயிண்டில் சுமார் 35 முதல் 50 மைக்ரான்தான். சாதாரண ஜெராக்ஸ் தாள் ஏறக்குறைய 100 மைக்ரான் தடிமன் இருக்கும். அதாவது அரைத் தாள் தடிமனுக்குள்தான் நம் விளையாட்டு முழுவதும். வெயிலில் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி தெரிகிற மெல்லிய கீறல்கள் அந்தப் பூச்சின் மேல்தட்டில் இருப்பவை. தினமும் காலையில் தூசியோடு வண்டியைத் துடைக்கிற ஈரத்துணி போட்டவை. ஒரே பக்கெட் தண்ணீரில் பத்து வண்டி துடைத்தால் ஐந்தாவது வண்டிக்கே அந்தத் துணி உப்புத்தாள்தான். துடைக்கிறவரைக் குறை சொல்லிப் பயனில்லை, கொடுக்கிற தண்ணீரும் துணியும் அப்படி. நகத்தை ஓட்டினால் தட்டுகிற கீறல் வேறு வகை, அதற்கு எந்தப் பேடும் தீர்வில்லை, அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இனி பேடுக்கு வருவோம். கம்பளியை முதலில் முடித்துவிடலாம். மூன்றிலும் அதிகமாக வெட்டுவது, அதாவது கீறலோடு மேல்பூச்சைச் சீவி எடுப்பது, அதுதான். கம்பளி என்றால் சூடு அதிகம் என்று ஒரு பேச்சு உண்டு, அது சரியல்ல. இழைகளுக்கு நடுவே காற்று போவதால் அதே வேகத்தில் ஃபோமைவிடக் கம்பளி குளுமையாகவே ஓடும். அதன் சிக்கல் வேறு. வேலை முடிந்த இடத்தில் புகை படிந்த மாதிரி ஒரு மங்கல் விட்டுவிட்டுப் போகும், ரோட்டரியில் போட்டால் வெயிலில் வளையம் வளையமாக நிழலாடும், அதை எடுக்க எப்படியும் ஃபோம் போட்டுத் திரும்ப ஒரு சுற்று வர வேண்டும். போதாததற்கு மயிர் உதிர்ந்து வைப்பர் இடுக்கு, கண்ணாடி ரப்பர், உங்கள் மூக்கு வரை ஒட்டும். டிஏவுக்கென்று குட்டை இழைக் கம்பளிகள் இப்போது வருகின்றன, நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனாலும் உப்புத்தாள் போட்ட பேனலின் தடத்தை எடுக்கிற அளவு வேலை இருப்பவருக்குத்தான் அது தேவை. அப்படிப்பட்ட வேலையை வீட்டில் செய்கிறவருக்கு இந்தக் கட்டுரையே தேவைப்படாது.

மைக்ரோஃபைபர் பேடுக்கு ஒரு கவர்ச்சி இருக்கிறது. வீடியோக்களில் பார்த்தால் ஒரே தேய்ப்பில் கண்ணாடி மாதிரி ஆகிறது. உண்மைதான், அந்தக் குட்டி இழைகள் காம்பவுண்டின், அதாவது கீறல் எடுக்கிற முரட்டுப் பாலிஷின், உராய்வுப் பொடியை உள்ளே இழுத்துக்கொள்ளாமல் நுனியிலேயே வைத்திருக்கும், அதனால் ஆட்டம் குறைந்த 8 மில்லிமீட்டர் டிஏவில்கூட நல்ல வெட்டு கிடைக்கும். பானட், கூரை மாதிரி சமமான இடங்களில் ஃபோம் மூன்று முறை போகிற இடத்தில் இது ஒருமுறை போனால் போதும் என்கிற நிலை வரும். ஆனால் வளைவுகளில் இது சரியாகப் படியாது. இழைகள் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், சதுரம் சதுரமாகப் பிரித்துத் தேய்க்கும்போது ஒவ்வொரு சதுரம் முடிந்ததும் பிரஷ் போட்டோ காற்றடித்தோ நிமிர்த்தாவிட்டால் அடுத்த சதுரத்தில் காய்ந்த கட்டிதான் தேய்த்துக்கொண்டிருக்கும். கறுப்பு வண்டியில், அதுவும் மேல்பூச்சு மென்மையாக இருக்கிற வண்டியில், பழைய கீறலை எடுத்துவிட்டுத் தன் பங்குக்குப் பொடிக் கீறல்களை விட்டுச் செல்லும். ஆக இதற்குப் பிறகும் ஃபோம் தேவைப்படுகிறது. எந்தப் பாதையில் போனாலும் கடைசியில் ஃபோமில்தான் வந்து நிற்கிறோம் என்றால் அங்கிருந்தே தொடங்கினால் என்ன என்பதுதான் என் கட்சி.

ஃபோமில் ஒரு பெரிய குழப்பம் உண்டு, அது நிறம். கடைக்காரரிடம் மஞ்சள் பேட் கொடுங்கள் என்று கேட்காதீர்கள். லேக் கன்ட்ரி, கெமிக்கல் கைஸ் கம்பெனிகளில் மஞ்சள் என்றால் முரட்டு வெட்டுப் பேட். மெக்குவயர்ஸில் மஞ்சள் நடுத்தரப் பாலிஷ் பேட், அங்கே வெட்டுக்கு உரியது அடர் சிவப்பு. ரூப்பஸில் மஞ்சள் மென்மையான பேட், முரட்டு வேலைக்கு நீலம். ஆளுக்கொரு அகராதி. ஒரு வீடியோவில் ஒருவர் மஞ்சள் போட்டு முடித்துக் காட்டினார் என்று வேறு கம்பெனி மஞ்சளை வாங்கி வந்தால் கதை கந்தல். வெட்டு, பாலிஷ், ஃபினிஷிங் என்று கவரில் அச்சடித்திருப்பதை மட்டும் நம்புங்கள், அப்புறம் விரலால் அழுத்திப் பாருங்கள். வெட்டுப் பேட் விறைப்பாக இருக்கும், விட்டவுடன் சட்டென்று எழும்பும். ஃபினிஷிங் பேட் முகத்துக்குப் பவுடர் போடுகிற பஞ்சு போல அமுங்கும். நடுத்தரம் இரண்டுக்கும் நடுவே.

தடிமனையும் பார்க்க வேண்டும், இதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். பெரிய மெத்தை மாதிரி இருக்கும் பேட் டிஏவின் ஆட்டத்தைத் தானே விழுங்கிவிடும், மேலே மிஷின் அதிரும், கீழே பேட்டின் முகம் சும்மா நெளிந்துகொண்டிருக்கும். ஒரு இஞ்ச் அல்லது அதற்கும் கொஞ்சம் குறைவான தடிமன் போதும். நடுவில் ஓட்டை இருந்தால் நல்லது, சூடு அதிகம் தேங்குவது அங்கேதான். முகத்தில் கட்டம் கட்டமாக, தேன்கூடு மாதிரி வெட்டியிருப்பது பற்றி விளம்பரங்கள் நிறையப் பேசும். கொஞ்சம் காற்று போகும், ஒட்டிப் பிடிப்பது குறையும், அதற்கு மேல் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரிந்ததில்லை.

அளவுக்கு வந்தால், 5 இஞ்ச் பிளேட்டுக்கு (மிஷினில் பேட் ஒட்டுகிற வட்டத் தட்டு) 5.5 இஞ்ச் பேட். பிளேட்டைவிடப் பேட் சுற்றிலும் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கண்ணாடி ஓரத்திலோ கைப்பிடிப் பள்ளத்திலோ பிளேட்டின் விளிம்பு பெயிண்டில் இடிக்கும். பம்பர் வளைவு, சைடு மிரர், கதவுத் தூண் இவற்றுக்கு 3 இஞ்ச் பேடும் அதற்கான சின்ன பிளேட்டும் இருந்தால் வேலை சுலபம். பிளாஸ்டிக் பம்பரில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். இரும்புத் தகடு மாதிரி பிளாஸ்டிக் சூட்டைப் பரப்பாது, தேய்க்கிற இடத்திலேயே சூடு தங்கிவிடும்.

சரி, எத்தனை வாங்குவது? என்னைக் கேட்டால் இந்தக் கட்டுரையில் முக்கியமான கேள்வியே இதுதான். பெரும்பாலானவர்கள் வெட்டு ஒன்று, பாலிஷ் ஒன்று, ஃபினிஷிங் ஒன்று, மைக்ரோஃபைபர் ஒன்று, கம்பளி ஒன்று என்று ஐந்து வகை வாங்கி வைக்கிறார்கள். பார்க்க நிறைவாக இருக்கும், வேலைக்கு ஆகாது. ஒரு சாதாரண ஹேட்ச்பேக்கை எடுத்துக்கொண்டால் பானட், கூரை, டிக்கிக் கதவு, முன் ஃபெண்டர் இரண்டு, கதவு நான்கு, பின்பக்கத் தகடு இரண்டு, பம்பர் இரண்டு என்று 13 துண்டுகள். ஒரு ஃபோம் பேட் இரண்டு, மூன்று துண்டு முடிப்பதற்குள் பாலிஷைக் குடித்துக் கொழகொழவென்று ஆகிவிடும், நடுவில் சூடேறித் தொய்ந்துவிடும். அந்தப் பேடோடு மிச்ச பத்துத் துண்டையும் தேய்த்தால் கடைசி நான்கு துண்டில் நீங்கள் செய்தது பாலிஷ் அல்ல, உடற்பயிற்சி. அதனால் ஒரே வகை நடுத்தரப் பேட் ஐந்து வாங்குங்கள், அதோடு ஃபினிஷிங் இரண்டு, 3 இஞ்சில் நடுத்தரம் இரண்டு. மைக்ரோஃபைபர் வேண்டுமென்றால் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், பானட்டில் நடுத்தர ஃபோம் தோற்றால் மட்டும் எடுக்கலாம். வெட்டு ஃபோமையே நான் பட்டியலில் சேர்க்கவில்லை, கவனித்தீர்களா? நடுத்தரப் பேடில் பாலிஷுக்குப் பதில் காம்பவுண்டைப் போட்டால் வெட்டு கூடும், பாலிஷைப் போட்டால் குறையும், ஒரே வகைப் பேடில் இரண்டு வேலை.

காசு இறுக்கமாக இருந்தால் பெயர் இல்லாத மலிவு பேட் செட் வாங்கலாமா? மெழுகு, சீலண்ட் மாதிரி பாதுகாப்புப் பூச்சு தடவுவதற்குத் தாராளமாக வாங்கலாம். கீறல் எடுக்க வேண்டுமென்றால் யோசியுங்கள். மலிவு பேட் தோற்பது பெரும்பாலும் ஃபோமில் அல்ல, பின்னால் வெல்க்ரோவை ஒட்டியிருக்கும் பசையில். சூடேறியதும் பசை இளகி, ஓடுகிற மிஷினிலிருந்து ஃபோம் தனியே பறக்கும், மொட்டை வெல்க்ரோ பானட்டில் சுற்றும். இன்னொரு குறை, வெல்க்ரோ நடுவில் ஒட்டாமல் ஒரு பக்கம் தள்ளியிருக்கும், மிஷினில் மாட்டினால் கை மரத்துப்போகிற அளவு ஆடும். கடையில் வாங்கினால் திருப்பிப் பார்த்து, ஓரத்தை நகத்தால் லேசாகக் கிளப்பிப் பாருங்கள்.

எந்தப் பேடை எடுத்தாலும் முழு வண்டியிலும் இறங்காமல், பானட்டில் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி சதுரம் டேப் ஒட்டிச் சோதியுங்கள். வண்டியைக் கழுவி, கிளே பார் என்று விற்கிற களிமண் கட்டி போட்டு ஒட்டிய அழுக்கை எடுத்த பிறகுதான் இது. முதலில் ஃபினிஷிங் பேடும் பாலிஷும், பத்தாவிட்டால் நடுத்தரமும் பாலிஷும், அப்புறம் நடுத்தரமும் காம்பவுண்டும். மென்மையிலிருந்து முரட்டுக்குப் போக வேண்டும், திருப்பி அல்ல. ஒவ்வொன்றும் முடிந்ததும் ஐசோபுரொபைல் ஆல்கஹால் கலந்த தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள், இல்லாவிட்டால் பாலிஷில் இருக்கும் எண்ணெய் கீறலை நிரப்பி மறைத்து உங்களை ஏமாற்றும், இரண்டு முறை கழுவியதும் பழைய வலை திரும்ப வந்து நிற்கும்.

மிஷினின் வேகத்தை 4, 5-ல் வைத்து, விநாடிக்கு ஒரு இஞ்ச் வேகத்தில் மெதுவாக நகர்த்த வேண்டும். பிளேட்டின் பக்கவாட்டில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுவிடுங்கள், ஐந்து பைசா செலவில்லாத வித்தை. கோடு சுற்றுவது கண்ணுக்குத் தெரிந்தால் பேட் வேலை செய்கிறது, கோடு ஒரே இடத்தில் நடுங்கிக்கொண்டிருந்தால் நீங்கள் அதிகம் அழுத்துகிறீர்கள் அல்லது பேடைச் சாய்த்துப் பிடித்திருக்கிறீர்கள். சென்னை மாதிரி ஊரில் இதையெல்லாம் நிழலில், காலையிலேயே முடித்துவிட வேண்டும். பானட்டில் உள்ளங்கையை வைத்து எடுக்காமல் இருக்க முடியவில்லை என்றால் பாலிஷ் போட்ட மாத்திரத்தில் காய்ந்து பொரிந்துவிடும், பேடும் அடைத்துக்கொள்ளும்.

பராமரிப்பு என்றதும் எல்லோருக்கும் கழுவுவதுதான் நினைவுக்கு வருகிறது. பேட்டின் ஆயுளைத் தீர்மானிப்பது ஓடிக்கொண்டிருக்கும்போது செய்வது. ஒவ்வொரு சதுரமும் முடிந்ததும் மிஷினைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு நைலான் பிரஷை லேசாகக் காட்டுங்கள், துணி துவைக்கிற புது பிரஷ் மென்மையாக இருந்தால் அதுவே போதும். காய்ந்த பாலிஷும் உரிந்த பெயிண்டும் பொடியாகக் கொட்டும். இதை விட்டால் பேட்டின் முகத்தில் வழுவழுவென்று மெருகேறிய ஒரு வளையம் உருவாகும், விரல் வைத்தால் பிளாஸ்டிக் மாதிரி இருக்கும். அதற்குப் பிறகு அந்தப் பேட் கீறல் எடுக்காது, போடும். அடுத்து பாலிஷ் அளவு. புதுப் பேட்டில் முதல்முறை முகம் முழுக்க மெல்லிசாகத் தேய்த்துவிட்டு, அப்புறம் சதுரத்துக்குப் பட்டாணி அளவில் மூன்று, நான்கு சொட்டு. அதிகம் போட்டால் அதிகம் பளபளக்கும் என்பது இட்லிக்குச் சாம்பாரில் செல்லும், இங்கே பேட் நனைந்து சூடேறிச் சாகும்.

பழைய அம்பாசடர், மாருதி 800 மாதிரி கிளியர் கோட் இல்லாத பெயிண்ட் உள்ள வண்டிகளில் பேட் வண்டியின் நிறத்துக்கே மாறிவிடும், சிவப்பு வண்டியென்றால் பேடும் சிவக்கும். பயப்பட வேண்டாம், அந்தப் பெயிண்டில் அது இயல்பு. கிளியர் கோட் உள்ள வண்டியில் வண்டி நிறம் பேடில் வந்தால்தான் உடனே மிஷினை நிறுத்த வேண்டும்.

கழுவுவதை அன்றைக்கே செய்துவிடுங்கள், காய்ந்தால் பாதிப் பேட் கல்லாகிவிடும். பேட் கிளீனர் என்று தனியாக விற்பதும் நல்லதுதான், ஆனால் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் சில சொட்டு விட்டு ஊறவைத்தாலே பெரும்பாலும் வந்துவிடும். பத்து, பதினைந்து நிமிஷம் போதும். இரவு முழுக்க ஊறவிட்டால் பசை விடும், கொதிக்கிற தண்ணீர் ஊற்றினாலும் அதே கதி. கட்டை விரலால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தி அழுத்தி அழுக்கை வெளியேற்றுங்கள், துணி மாதிரி முறுக்கிப் பிழியாதீர்கள். மைக்ரோஃபைபரைக் குளிர்ந்த தண்ணீரில் வாஷிங் மிஷினில் தனியாகப் போடலாம், ஆனால் துணிக்கு வாசனை கொடுக்கிற கண்டிஷனர் கூடவே கூடாது, இழையில் படலம் போட்டுவிடும். ஃபோமை வாஷிங் மிஷினில் போடாதீர்கள்.

தண்ணீர் விஷயத்தில் நமக்கென்று ஒரு தொல்லை இருக்கிறது. போர் தண்ணீரில் அலசிக் காயவைத்தால் ஃபோமின் முகத்தில் உப்பு பூத்துக் கரகரக்கும். முதல் இரண்டு அலசல் எந்தத் தண்ணீராக இருந்தாலும் சரி, கடைசி அலசல் மட்டும் நல்ல தண்ணீராக இருக்கட்டும். ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பிடித்து வைத்தால் இதற்கு ரொம்ப உதவும், அது காற்றிலிருந்து குளிர்ந்து வருவதால் உப்பே இருக்காது என்று சொல்லலாம். ஆர்ஓ மிஷினின் கழிவுத் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் இதற்கு எடுக்காதீர்கள், உப்பெல்லாம் சேர்ந்து நிற்பதே அதில்தான்.

அலசியதும் பேடைத் திரும்ப மிஷினில் மாட்டி, காலி பக்கெட்டுக்குள் இறக்கிச் சில விநாடி குறைந்த வேகத்தில் ஓடவிட்டால் தண்ணீரெல்லாம் சுவரில் தெறித்து வெளியேறிவிடும். அப்புறம் பாத்திரம் கவிழ்க்கிற கம்பிக் கூடையில் ஃபோம் முகம் கீழே, வெல்க்ரோ மேலே இருக்கிற மாதிரி வைத்து ஃபேன் காற்றில் காயவிடுங்கள். தண்ணீர் பசைப் பக்கம் தேங்காமல் வடியும். மொட்டை மாடி வெயில் சீக்கிரம் காயவைக்கும்தான், ஆனால் அதே வெயில் ஃபோமைப் பொடிய வைக்கும், நான்கைந்து முறை காய்ந்த பேடை ஓரத்தில் தேய்த்தால் மாவாக உதிரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காய இரண்டு நாள்கூட ஆகும். அவசரப்பட்டு ஜிப் கவரில் போட்டு மூடினால் பூஞ்சை பிடிக்கும். நன்றாகக் காய்ந்த பிறகு வகைக்கு ஒரு கவர், மேலே எந்தப் பாலிஷ் போட்டது என்று மார்க்கரில் எழுத்து. காம்பவுண்டு போட்ட பேடை எவ்வளவு கழுவினாலும் ஃபினிஷிங் பாலிஷுக்கு எடுக்காமல் இருப்பது நல்லது.

தூக்கிப்போடுவது எப்போது? வெல்க்ரோ ஓரம் எழும்பினால் அன்றைக்கே போடுங்கள், ஒட்டுப்போட்டு மறுபடி மாட்டாதீர்கள். நடுவில் அழுத்தினால் எழும்பாமல் பள்ளமாகவே இருந்தாலும், முகத்தில் கிழிசல் விழுந்து துணுக்கு உதிர்ந்தாலும் பெயிண்ட் வேலையிலிருந்து ஓய்வு கொடுத்துவிடலாம். வெல்க்ரோ உறுதியாக இருக்கிறவரை ஹெட்லைட்டுக்கும், கழற்றிக் கையில் பிடித்து டயர் பாலிஷ் தடவவும் இன்னும் கொஞ்ச நாள் ஓடும். பார்க்கிங் தரையில் குப்புற விழுந்த பேட் புதிதாகவே இருந்தாலும் அன்றைய வேலையில் சேர்க்காதீர்கள். ஒரு மணல் துகள் உள்ளே தங்கினாலும் போதும். அடுத்த பேடை எடுங்கள், ஐந்து வாங்கச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.